கொல்வது எளிது, நுழைவதுதான் பாடு: பாக்டீரியாவைக் கொல்லும் பாக்டீரியப் புரதங்கள்

ஈ.கோலை போன்ற கிராம்-நெகடிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் இருக்கும் போரின் (porin) என்ற புரதத் துளைகள் சுமார் 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. பல நல்ல ஆன்டிபயாடிக்குகள் இந்த வகை பாக்டீரியாக்களிடம் தோற்றுப்போவது இந்த வாசலில்தான். ஆனால் ஈ.கோலை தன் உறவு பாக்டீரியாக்களைக் கொல்லத் தயாரிக்கும் கோலிசின் என்ற புரதத்தின் எடை பெரும்பாலும் 40,000 முதல் 80,000 டால்டன் வரை. அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஏறக்குறைய நூறு மடங்கு பெரிய இந்தப் பொருள் வெளிச்சவ்வைத் தாண்டி, செல்சுவரான பெப்டிடோகிளைக்கான் வலைக்குள் புகுந்து, சில சமயம் உட்சவ்வையும் கடந்து எதிரியின் டிஎன்ஏ வரை போய்விடுகிறது.

இந்தப் புரதங்களைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் அவை எதை வெட்டுகின்றன, எங்கே துளை போடுகின்றன என்பதிலேயே முடிந்துவிடும். கோலிசின் இ9-ஐ எடுத்துப் பாருங்கள். மொத்தம் 582 அமினோ அமிலங்கள். அதில் டிஎன்ஏவை வெட்டும் பகுதி 134 மட்டுமே. மீதி முக்கால் பங்குக்கும் மேல் பயணத்துக்கே செலவாகிறது. எந்த பாக்டீரியா சாகும், எது தப்பும், எதிர்ப்பு எங்கே தோன்றும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதும் அந்த முக்கால் பங்குதான்.

உற்பத்தியும் காப்பும்

1925-இல் பெல்ஜிய அறிவியலாளர் ஆந்த்ரே கிராசியா, ஒரு ஈ.கோலை திரிபு (ஒரே இனத்தின் உள்வகை) வெளியிடும் ஏதோ ஒரு பொருள் இன்னொரு ஈ.கோலை திரிபைக் கொல்வதைப் பதிவுசெய்தார். அவர் முதலில் பார்த்த 'கோலிசின் வி' இன்று கோலிசின்களோடு சேர்க்கப்படுவதில்லை. அளவில் சிறியது என்பதால் மைக்ரோசின் என்ற சிறு நஞ்சுகளின் பட்டியலுக்குப் போய்விட்டது. பின்னர் பியேர் ஃப்ரெடெரிக், எந்த ஏற்பியில் (செல்லின் மேற்பரப்பில் அவை பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டுகின்றன என்பதை வைத்து இவற்றை வகை பிரித்தார். ஏ, பி, இ, கே என்று இன்றும் புழங்கும் எழுத்துகள் அந்தப் பாகுபாட்டின் மிச்சம். அதனால்தான் 'இ' குழுவுக்குள்ளேயே துளை போடுவது, டிஎன்ஏவை வெட்டுவது, ஆர்என்ஏவை வெட்டுவது என்று மூன்று வேலை செய்பவையும் இருக்கின்றன. வாசல் ஒன்று, ஆயுதம் வேறு.

கோலிசின் மரபணுக்கள் பிளாஸ்மிட்களில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையங்களில், இருக்கும். மரபணு நகலாக்கத்தில் அன்றாடம் பயன்படும் பல பிளாஸ்மிட்களின் பெருக்கத் தொடக்கப்புள்ளி, கோலிசின் இ1 பிளாஸ்மிட்டிடமிருந்தோ அதன் நெருங்கிய உறவிடமிருந்தோ வந்ததே. சாதாரண நேரத்தில் லெக்ஸ்-ஏ என்ற அடக்கிப் புரதம் கோலிசின் மரபணுவின் மேல் உட்கார்ந்திருக்கும். டிஎன்ஏ சேதமடையும்போது எஸ்ஓஎஸ் என்ற அவசர எதிர்வினை கிளம்பி அந்த அடக்கியைச் சிதைக்கிறது. கோலிசின் கொட்டத் தொடங்குகிறது. பல கோலிசின்களில் அதே மரபணு வரிசையின் கடைசியில் ஒரு சிறு கரைப்புப் புரதத்தின் மரபணுவும் இருக்கும். அது தாய்ச் செல்லின் உறையைக் குலைத்து கோலிசினை வெளியே விடுகிறது. தயாரித்த செல் செத்துப்போகிறது. ஒரு கூட்டத்தில் எந்த நேரத்திலும் மிகச் சிறிய பங்கு செல்களே இப்படித் தம்மைக் கொடுக்கின்றன. பலன் அதே பிளாஸ்மிட்டைச் சுமக்கும் மற்ற செல்களுக்கு.

அந்த மற்ற செல்கள் சாகாமல் இருப்பது காப்புப் புரதத்தால். காப்பு எங்கே இருக்கிறது என்பது நஞ்சு எங்கே வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. துளை போடும் கோலிசின்களுக்கான காப்புப் புரதம் உட்சவ்வில் பதிந்து, துளை திறப்பதற்கு முன் அதை மறிக்கிறது. செல்சுவர் உற்பத்தியைத் தாக்கும் கோலிசின் எம்-க்கான காப்பு, இரண்டு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிற்கிறது. டிஎன்ஏவையோ ஆர்என்ஏவையோ வெட்டும் நியூக்ளியேஸ் கோலிசின்களுக்கு இந்த ஏற்பாடு போதாது. அவை தயாராகும் கணத்திலேயே தாய்ச் செல்லின் டிஎன்ஏ பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நஞ்சும் காப்பும் ஒன்றாகவே உருவாகி, ஒட்டிக்கொண்டே வெளியேறுகின்றன. இ9 நியூக்ளியேசும் அதன் காப்பான இம்9-உம் பிணையும் வலுவின் பிரிகை மாறிலி (எண் சிறிதாகச் சிறிதாகப் பிடி இறுகும்) 10⁻¹⁴ மோலார் என்ற மட்டத்தில் இருக்கிறது. புரதங்களுக்கிடையே அளக்கப்பட்டவற்றில் மிக இறுக்கமான பிணைப்புகளில் இது ஒன்று. உறவுக்காரப் புரதமான இம்2-உம் இதே நியூக்ளியேசில் ஒட்டும், ஆனால் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு தளர்வாக. அது முழுக் காப்பு தராது.

இம்9 உட்காரும் இடமும் கவனிக்கத்தக்கது. வெட்டும் மையத்தை அது மூடுவதில்லை. பக்கத்து மேட்டில் அமர்ந்து, டிஎன்ஏ நெருங்க முடியாதபடி வழியை அடைக்கிறது. வெட்டும் மையம் டிஎன்ஏவை வெட்டும் எல்லா டிஎன்ஏஸ் கோலிசின்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காப்பு அங்கே அமர்ந்திருந்தால் ஒருவரின் காப்பு எல்லோருக்கும் உதவிவிடும். பக்கத்து மேடோ ஒவ்வொன்றிலும் மாறுபடுகிறது. தனக்கு மட்டும் காப்பு, அண்டை இனத்துக்கு இல்லை என்ற நிலை இதனால் சாத்தியமாகிறது.

வெளிச்சவ்வைத் தாண்டுவது

கோலிசினின் அமைப்பு மூன்று பகுதிகள் கொண்டது. நடுவில் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி, முன்முனையில் கடத்தும் பகுதி, பின்முனையில் கொல்லும் பகுதி. கோலிசின் ஐஏ-வின் படிக அமைப்பு 1997-இல் வெளியானபோது அது 21 நானோமீட்டர் நீளமுள்ள, மெலிந்து நீண்ட புரதம் என்று தெரிந்தது. பிடிக்கும் பகுதி இரண்டு சுருள்கள் பின்னிய நீண்ட தண்டு. அதன் நுனி ஏற்பியைக் கவ்வ, மற்ற இரு முனைகளும் சவ்வின் மேல் எட்டிக் கிடக்கின்றன.

எந்த ஏற்பி? பாக்டீரியா விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றுதான். இ குழுவும் கோலிசின் ஏ-யும் பிடிப்பது வைட்டமின் பி12-ஐ உள்ளே இழுக்கும் பிடியூ-பி புரதத்தை. கோலிசின் பி, கோலிசின் டி ஆகியவை இரும்பைக் கவ்வி வரும் என்டரோபாக்டினின் வாசலான ஃபெப்-ஏ புரதத்தை. ஐஏ-வுக்கு சிர் என்ற இன்னொரு இரும்பு வாசல். கோலிசின் கே நியூக்ளியோசைடுகள் நுழையும் வழியைப் பயன்படுத்துகிறது. இந்த வாசல்களை மூடிக்கொண்டால் சத்து வராது. திறந்து வைத்தால் நஞ்சு வரும்.

ஏற்பியில் ஒட்டுவது முதல் படி மட்டுமே. இ9 பிடியூ-பியை நானோமோலார் அளவிலான வலுவோடு பிடிக்கிறது. ஒரு செல்லில் இந்த ஏற்பி சில நூறு பிரதிகளே இருக்கும். இவ்வளவு அரிய ஒன்றைக் கண்டுபிடிக்க இறுக்கமான பிடி தேவைப்படுகிறது. ஆனால் பிடியூ-பி 22 இழைகள் கொண்ட பீப்பாய். அதன் உள்ளே ஒரு அடைப்பு. இ9 அதன் வழியாகப் போவதில்லை. பிடித்தபடியே நின்று, ஓம்ப்-எஃப் என்ற போரினைத் தேடுகிறது. இது ஒரு செல்லில் பல பத்தாயிரக்கணக்கில் இருப்பதால் அருகிலேயே கிடைத்துவிடும். இத்துறையில் இதைத் தூண்டில் மாதிரி என்பார்கள்: தண்டு ஓரிடத்தில் ஊன்றியிருக்க, நுனியில் தொங்கும் கயிறு சுற்றுவட்டாரத்தைத் துழாவுகிறது.

அந்தக் கயிறுதான் முன்முனையில் உள்ள 83 அமினோ அமிலங்கள். நிலையான மடிப்பு எதுவும் இல்லாத, கட்டற்ற சங்கிலி. போரின் துளையின் மிகக் குறுகிய இடம் ஒரு நானோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மடிந்த புரதம் அதில் நுழையாது. விரிந்த ஒற்றைச் சங்கிலி நுழையும். இந்த 83-க்குள் மூன்று பிடிமானங்கள் உண்டு. 2 முதல் 18 வரை ஒன்று, 54 முதல் 63 வரை இன்னொன்று. இவை இரண்டும் ஓம்ப்-எஃப் துளைக்குள் ஒட்டும். நடுவே 32 முதல் 47 வரை உள்ள பகுதி, சவ்விடைப் பகுதியில் இருக்கும் டோல்-பி புரதத்துக்கானது. ஓம்ப்-எஃப் மூன்று பீப்பாய்கள் சேர்ந்த தொகுதி. சங்கிலி ஒரு பீப்பாய் வழியாக உள்ளே இறங்கி, அதன் முன்முனை கீழிருந்து இன்னொரு பீப்பாய்க்குள் ஏறி ஒட்டிக்கொள்கிறது. இரு பக்கமும் கட்டப்பட்ட சங்கிலியின் நடுப்பகுதி சவ்வின் அடியில் தொங்குகிறது. டோல்-பி வந்து சிக்குவது அங்கேதான்.

இனிமேல்தான் எதிரியின் சொந்த ஆற்றல் வேலைக்கு வருகிறது. டோல்-பி வழக்கமாக பேல் என்ற புரதத்தோடு சேர்ந்து வெளிச்சவ்வை நிலைநிறுத்தும் பணியில் இருக்கும். கோலிசினின் பிடிமானம் பேலைப் போல நடித்து அதன் இடத்தைப் பிடிக்கிறது. பேல் விலக, டோல்-பி உட்சவ்விலிருந்து நீண்டு வரும் டோல்-ஏ புரதத்தோடு இணைகிறது. டோல்-ஏ-யின் அடியில் இருக்கும் டோல்-க்யூ, டோல்-ஆர் இரண்டும் உட்சவ்வின் புரோட்டான் உந்துவிசையை (சவ்வின் இருபக்கப் புரோட்டான் வேறுபாட்டில் சேர்ந்திருக்கும் ஆற்றலை) செலவழித்து அதை இழுக்கின்றன. வெளிச்சவ்வில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை. ஆகவே அங்கே ஒரு புரதத்தை இழுத்துக்கொள்ள உட்சவ்வின் விசையைக் கயிறு கட்டி வெளியே கொண்டுவருவதைத் தவிர வேறு வழி கிடையாது. காப்புப் புரதம் கழன்று விழுவதும் இந்த இழுப்பினால்தான். உந்துவிசையைக் குலைக்கும் சேர்மத்தை முன்கூட்டிச் சேர்த்துவிட்டால் கோலிசின் ஏற்பியில் ஒட்டும், ஆனால் காப்பு கழலாது. 10⁻¹⁴ மோலார் பிணைப்பு தானாகப் பிரிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இழுத்தால் உடனே பிரிகிறது. தாய்ச் செல்லில் பிரியாமலும் எதிரியின் வாசலில் பிரிந்தும் போகும் இந்த ஏற்பாடு, இந்த முழுக் கதையிலும் மிக நேர்த்தியான பகுதி என்பது எங்கள் எண்ணம்.

டோல் அமைப்பைப் பயன்படுத்துபவை ஏ பிரிவு கோலிசின்கள். பி பிரிவு, இரும்பையும் பி12-ஐயும் இழுக்கும் டான்-பி அமைப்பைப் பயன்படுத்துகிறது. இங்கேயும் விசை அதே புரோட்டான் உந்துவிசைதான், இழுக்கும் கை மட்டும் வேறு. கோலிசின் ஐஏ இரண்டு சிர் புரதங்களை நாடுகிறது: ஒன்று பிடித்து நிற்க, மற்றொன்று உள்ளே போக. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் இதேபோன்ற கொல்லும் புரதமான பையோசின் எஸ்2 இன்னும் நேரடியானது. அதன் முன்பகுதி, பையோவெர்டின் என்ற இரும்புக் கவ்வியைப் போலவே அந்தக் கவ்விக்கான ஏற்பியில் பொருந்தி, சத்து போகும் அதே பாதையில் இழுபடுகிறது.

எல்லாக் கோலிசினும் முழுதாக உள்ளே போய்விடுவதில்லை. இ1 பிடியூ-பியில் ஒட்டியபின் டோல்-சி என்ற நீண்ட குழாயைப் பிடிக்கிறது. இது செல் ஆன்டிபயாடிக்குகளை வெளியே துப்பும் குழாய். இ1-இன் கடத்தும் பகுதி அதில் அடைப்பாக மாட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டை மட்டும் தனியே கொடுத்தால் செல் சாகாது; ஆனால் துப்பும் குழாய் அடைபடுவதால் சில ஆன்டிபயாடிக்குகள் குறைந்த அளவிலேயே வேலை செய்கின்றன. நேரடியாகக் கொல்லும் கோலிசினைவிட இந்தத் துண்டுக்கு மருத்துவப் பயன் அதிகம் என்று வாதிட இடமிருக்கிறது.

உட்சவ்வைக் கடக்க வேண்டியவை நியூக்ளியேஸ் கோலிசின்கள் மட்டுமே. அங்கே உதவுவது எஃப்டிஎஸ்-எச் என்ற புரதச்சிதைப்பி. பழுதான சவ்வுப் புரதங்களை ஏடிபி செலவில் இழுத்து நறுக்குவது அதன் அன்றாடப் பணி. நியூக்ளியேஸ் பகுதி நேர்மின்னேற்றம் மிக்கது. எதிர்மின்னேற்றமுள்ள சவ்வில் தானாகப் படிகிறது. சிதைப்பி அதைக் குப்பை என்று எண்ணி உள்ளே இழுக்கிறது. கொல்லும் பகுதி மட்டும் வெட்டுப்பட்டு முழுதாகத் தப்பி, செல்லுக்குள் மறுபடி மடிந்துகொள்கிறது.

உள்ளே போனபின்

துளை போடும் வகையின் கொல்லும் பகுதி பத்துச் சுருள்கள் கொண்ட கட்டு. நடுவில் ஒளிந்திருக்கும் இரண்டு சுருள்கள் நீரை வெறுப்பவை. உட்சவ்வை எட்டியதும் கட்டு அவிழ்ந்து இந்த இரண்டும் சவ்வுக்குள் பாய்கின்றன. சவ்வின் மின்னழுத்தம் துளையைத் திறக்கிறது. ஒரு துளை வழியே வினாடிக்குப் பத்து லட்சம் அயனி என்ற மட்டத்தில் பொட்டாசியம் வெளியேறலாம். ஒரு கன மைக்ரோமீட்டர் கொள்ளளவும் 0.2 மோலார் பொட்டாசியமும் உள்ள செல்லில் மொத்தம் சுமார் 12 கோடி பொட்டாசிய அயனிகள் இருக்கும். கணக்குப்படி இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மின்னழுத்தம் குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால் உண்மையில் சற்றுக் கூடுதலாகும். எப்படியும் ஒற்றைத் துளையே போதும்.

இந்த வகையில் ஒரு விசித்திரம் உண்டு. கோலிசின் ஏ துளையைத் திறந்த பிறகும் அதன் பிடிக்கும் பகுதி செல்லின் வெளியே ஏற்பியில் ஒட்டியே இருக்கிறது. புரதம் விரிந்து, முழு உறையின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. வெளியிலிருந்து புரதத்தை அறுக்கும் டிரிப்சினைச் சேர்த்தால், உட்சவ்வில் இருக்கும் துளை மூடிக்கொள்கிறது. செல்லுக்குள் நுழைய முடியாத ஒரு நொதி உள்ளே நடப்பதை நிறுத்துகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியான ஒரு சங்கிலி இருந்தாக வேண்டும்.

டிஎன்ஏஸ் வகையான இ2, இ7, இ8, இ9 குரோமோசோமை வரிசை பார்க்காமல் வெட்டுகின்றன. ஆர்என்ஏஸ் வகை நுட்பமானது. இ3, ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏவில் 1493, 1494 என்ற இரண்டு நியூக்ளியோடைடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வெட்டுப் போடுகிறது. 1542 நீளத்தில் கடைசி 49 தனியே பிரிகிறது. மசயாசு நோமுரா குழு 1971-இல் இதைக் காட்டியது. அந்த இடம் ரைபோசோம் மரபுக்குறியீட்டைச் சரிபார்க்கும் மையம். அங்கே வெட்டினால் புரத உற்பத்தி நின்றுவிடும். இ5-உம் டி-யும் ரைபோசோமை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட சில டிஆர்என்ஏக்களின் எதிர்க்குறியீட்டு வளையத்தை வெட்டுகின்றன. டி தாக்குவது அர்ஜினைன் டிஆர்என்ஏக்களை மட்டும். கோலிசின் எம் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. எடை சுமார் 30,000 டால்டன்தான். செல்சுவருக்கான செங்கலைச் சுமந்து வரும் லிப்பிட்-2 மூலக்கூறை உடைக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் செல் வெடித்துவிடும். வளராத செல்லுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு மூலக்கூறு ஒரு செல்லைக் கொல்லுமா? 1952-இல் ஜாக்கோப், சிமினோவிச், வோல்மன் மூவரும் பிழைக்கும் செல்களின் எண்ணிக்கை ஒற்றை அடி விதிப்படி குறைவதைக் காட்டினார்கள். சராசரியாகச் செல்லுக்கு ஒரு கொல்லும் அடி விழுந்தால் 37 விழுக்காடு பிழைக்கும். ஐந்து விழுந்தால் 0.7 விழுக்காடு. பல அடிகள் சேர்ந்தால்தான் சாவு என்றால் வரைகோட்டின் தொடக்கத்தில் ஒரு தட்டையான தோள் தெரியும்; இங்கே அது இல்லை. ஆனால் இதை ஒட்டிய மூலக்கூறெல்லாம் கொல்லும் என்று படிப்பது தவறு. ஒட்டியவற்றில் பல உள்ளே போவதே இல்லை. உள்ளே போய்விட்ட ஒன்று போதும் என்பதுதான் பொருள்.

தொட்டுக் கொல்பவை

கோலிசின் நீரில் மிதந்து போகிறது. வேறு சில அமைப்புகள் எதிரியைத் தொட்டாக வேண்டும். 2005-இல் அறிவிக்கப்பட்ட தொடுதல் சார்ந்த தடுப்பு முறையில், 319 கிலோடால்டன் எடையுள்ள சிடிஐ-ஏ என்ற புரதம் செல்லின் மேல் இழையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியேற்றம் பாதியில் நிறுத்தப்பட்டு, நஞ்சுள்ள பின்பாதி இன்னும் சொந்த உறைக்குள்ளேயே இருக்கும். இழையின் நுனி எதிரியின் ஏற்பியைத் தொட்டதும் மீதியும் வெளியேறி எதிரிக்குள் பாய்கிறது. முதலில் கண்டறிந்த வகையின் ஏற்பி பாம்-ஏ. எல்லா கிராம்-நெகடிவ் பாக்டீரியாவுக்கும் உயிர்நாடியான புரதம். ஆனால் அதன் வெளிப்புற வளையங்கள் இனத்துக்கு இனம் மாறுவதால் ஈ.கோலையின் இழை ஈ.கோலையைத்தான் பிடிக்கும்.

ஆறாம் வகைச் சுரப்பமைப்புக்கு ஏற்பியே வேண்டாம். பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரசின் வாலைத் தலைகீழாகச் செல்லுக்குள் பொருத்தியது போன்ற இயந்திரம் அது. இயந்திரத்தின் உறை சில மில்லிவினாடிகளில் பாதியாகச் சுருங்கி, உள்குழலையும் அதன் கூர்நுனியையும் பக்கத்துச் செல்லுக்குள் குத்துகிறது. நஞ்சுகள் நுனியிலும் குழலுக்குள்ளும் ஏற்றப்பட்டிருக்கும். சூடோமோனாசின் டிஎஸ்இ1, டிஎஸ்இ3 இரண்டும் சுவரைக் கரைப்பவை. டிஎஸ்இ6 என்ஏடி மூலக்கூறைச் சிதைக்கிறது. பர்கோல்டேரியா செனோசெபேசியாவின் ஒரு நஞ்சு இரட்டை இழை டிஎன்ஏவில் சைட்டோசினை மாற்றுவது. அதைப் பாதியாகப் பிளந்து 2020-இல் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைத் திருத்தும் கருவியாக்கினார்கள். ஏற்பி இல்லாததால் இந்த முறைக்கு எதிராக வாசலை மூடித் தப்ப முடியாது; முதன்மையான தற்காப்பு காப்புப் புரதமே. விலை, எதிரி கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது. கலங்கி ஓடும் திரவ வளர்ப்பில் இதைச் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வடிகட்டித் தாளிலோ அகாரிலோ இரண்டு திரிபுகளை அடர்த்தியாகக் கலந்து வைத்தால்தான் தெரியும்.

கிராம்-பாசிடிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு இல்லை. அங்கே நைசின் போன்ற 34 அமினோ அமிலச் சிறு பெப்டைடே லிப்பிட்-2-ஐப் பிடித்துத் துளை போட்டுவிடும். நீண்ட பயணப் பொறி தேவையில்லை.

தட்டில் சோதிக்கும்போது

கோலிசின் தயாரிக்கும் திரிபை எல்பி என்ற வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரி செல்சியசில் வளர்த்து, 600 நானோமீட்டரில் அடர்த்தி 0.4 முதல் 0.5 வரும்போது டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மைட்டோமைசின் சி-யை மி.லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரும்படி சேர்க்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் குலுக்கிவிட்டு, சுழற்றி, மேல்திரவத்தை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் எடுத்துக்கொள்ளலாம். அதை இரட்டிப்பு நீர்த்தல்களாகச் செய்து, உணர்திறனுள்ள திரிபை 0.7 விழுக்காடு மென் அகாரில் கலந்து ஊற்றிய தட்டில் ஒவ்வொன்றிலும் 2 முதல் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வைக்க வேண்டும். தெளிவான வட்டம் தரும் கடைசி நீர்த்தலே செயல்திறன் அளவு.

இதில் ஏமாறும் இடங்கள் பல. முதலாவது பேஜ். மைட்டோமைசின் செல்லுக்குள் உறங்கும் பேஜையும் எழுப்பும். நீர்த்துக்கொண்டே போனால் பேஜ் தனித்தனிப் புள்ளி ஓட்டைகளாகப் பிரியும். கோலிசின் வட்டம் மங்கி மறையும், புள்ளிகள் வராது. டிரிப்சினோடு அரை மணி நேரம் வைத்தபின் செயல்திறன் போய்விட்டால் புரதம் என்ற ஐயம் வலுப்படும். இரண்டாவது, மிச்சமிருக்கும் மைட்டோமைசினே வட்டம் தரலாம். கோலிசின் பிளாஸ்மிட் இல்லாத அதே திரிபை அதேபோல நடத்தி எடுத்த திரவம் தட்டில் இல்லையென்றால் முடிவை நம்ப வேண்டாம். வடிகட்டுவதற்குப் பதில் குளோரோஃபார்ம் பயன்படுத்தினால் அது முழுதும் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது, ஊடகம். பி12 கலந்த ஊடகத்தில் செல் பிடியூ-பியைக் குறைத்துக்கொள்ளும். இருக்கும் ஏற்பிக்கும் பி12 போட்டியிடும். இ குழு கோலிசினின் வட்டம் சுருங்கிவிடும். எல்பியில் இரும்பு தாராளம். சிர், ஃபெப்-ஏ இரண்டும் அடங்கியிருக்கும். ஐஏ, பி, டி சோதிக்கும்போது 2,2'-பைபிரிடில் போன்ற இரும்புக் கவ்வியை 0.1 முதல் 0.2 மில்லிமோலார் சேர்த்தால், செயலற்றது என்று ஒதுக்கிய மாதிரியே தெளிந்த வட்டம் தரக்கூடும். நான்காவது, சோதனைத் திரிபின் வெளிப்பூச்சு. கே-12 என்ற ஆய்வகத் திரிபுக்கு வெளிச்சவ்வின் மேல் நீளும் நீண்ட ஓ-சர்க்கரைச் சங்கிலி கிடையாது. ஏற்பிகள் திறந்து கிடக்கின்றன. நோயாளியிடமிருந்து எடுத்த திரிபுகளில் அந்தச் சங்கிலி ஏற்பியை மறைக்கும். கே-12-இல் கிடைத்த எண்ணை வைத்து மருத்துவ வாக்குறுதி தருவது இந்தத் துறையின் பழைய வியாதி.

தூய்மைப்படுத்தும்போது நியூக்ளியேஸ் கோலிசினைக் காப்பு இல்லாமல் நகலாக்க முயன்றால் செல்லே பிழைக்காது. முளைக்கும் காலனிகளில் மரபணு உடைந்திருக்கும். வழக்கமான வழி, ஹிஸ்டிடின் வால் பொருத்திய காப்போடு சேர்த்துத் தயாரித்து, நிக்கல் தூணில் இணையாகப் பிடிப்பது. பிறகு 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு ஊற்றினால் கோலிசின் இறங்கும், காப்பு தூணிலேயே தங்கும். டயாலிசிஸ் செய்தால் கோலிசின் மறுபடி மடிகிறது. அவ்வளவு இறுக்கமான இணையை உப்பாலோ இமிடசோலாலோ பிரிக்க முடியாது.

தப்பிப்பவை

ஒரு தட்டில் பரப்பிய பத்துக் கோடி செல்களில் சில எப்போதும் வட்டத்துக்குள் முளைக்கும். அவை மூன்று விதம்: ஏற்பி பழுதானது, இழுக்கும் அமைப்பு (டோல் அல்லது டான்-பி) பழுதானது, காப்பு பெற்றது. எது என்று அறிய ஒரே தட்டில் சில சொட்டுகள் போதும். பிடியூ-பி பழுதானது இ குழு முழுவதையும் தாங்கும், அதே ஏற்பியை நாடும் பிஎஃப்23 பேஜையும் தாங்கும், ஆனால் ஐஏ-வுக்குச் சாகும். டோல் அமைப்பு பழுதானதில் கோலிசின் ஒட்டும், உள்ளே போகாது. ஏ பிரிவு முழுவதும் தோற்கும், ஆனால் அந்தச் செல் டிஆக்சிகோலேட் போன்ற பித்த உப்புகளையும் சோப்புப் பொருட்களையும் தாங்காது, வெளிச்சவ்வு ஒழுகும். டான்-பி பழுதானது பி பிரிவைத் தாங்கும், டி1 பேஜையும் தாங்கும், இரும்பு குறைந்த ஊடகத்தில் தள்ளாடும். ஒரே ஒரு கோலிசினை மட்டும் தாங்கி அதன் உறவுகள் எல்லாவற்றுக்கும் சாகும் காலனி கிடைத்தால், அது காப்பு மரபணுவைப் பெற்றிருக்கிறது என்று கொள்ளலாம். பிளாஸ்மிட் கடத்தலால் இது நடக்கும்.

எதிர்ப்புக்கு விலை உண்டு என்பதால் அது எங்கும் முழு வெற்றி பெறுவதில்லை. 2002-இல் கோலிசின் இ2-ஐ வைத்துச் செய்த ஆய்வில், தயாரிப்பாளர், உணர்திறனுள்ளது, எதிர்ப்புள்ளது ஆகிய மூன்றும் தட்டின் மேல் இடம் மாறி மாறி நீடித்தன: தயாரிப்பாளர் உணர்திறனுள்ளதைக் கொன்றது, எதிர்ப்புள்ளது பிளாஸ்மிட் சுமை இல்லாததால் தயாரிப்பாளரை முந்தியது, ஏற்பி முழுதாக உள்ள உணர்திறனுள்ளது எதிர்ப்புள்ளதைவிட வேகமாக வளர்ந்தது. குடுவையில் கலக்கி வளர்த்தபோது அந்தச் சமநிலை குலைந்து, ஒன்றே மிஞ்சியது.

கோலிசின்களைக் கலவையாக மருந்தாக்க முனைவோருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. இ2-ஐயும் இ9-ஐயும் கலப்பது பயனற்றது. ஒரே பிடியூ-பி பிறழ்வு இரண்டையும் வீழ்த்தும். இ9-ஐயும் கே-யையும் கலந்தால் ஏற்பி வேறு, ஆனால் ஒரு டோல் பிறழ்வு போதும். கே-யோடு ஐஏ-வைச் சேர்த்தால் ஏற்பியும் வேறு, இழுக்கும் அமைப்பும் வேறு. தப்ப வேண்டுமானால் ஒரே செல்லில் இரண்டு தனித்தனிப் பிறழ்வுகள் வேண்டும். கொல்லும் முறையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், இந்தக் கே-ஐஏ இணை இரண்டுமே துளை போடுபவை என்ற காரணத்தால் முதலிலேயே கழிக்கப்பட்டிருக்கும்.